ஆசைக்கும் லைன் கிளியர் வேண்டும்

ஓய்வுபெற்று, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸை நான் காலி செய்த வாரம், ஸ்டேஷன் ஆபீஸ்காரர்கள் எனக்கு ஒரு தேத்தண்ணீர் விருந்து வைத்தார்கள். மாலை போட்டார்கள். கேசரி கொடுத்தார்கள், அதில் முந்திரிப்பருப்பைத் தேட வேண்டியிருந்தது. அப்போது ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, வேலைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகாதவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, இனிமே சும்மாதானே இருக்கப் போறீங்க? வாழ்க்கையில என்னென்ன செய்யணும்னு ஒரு லிஸ்டாவது போட்டு வச்சிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டைப்பையில் கைவிட்டு லிஸ்டை எடுத்து, கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, கோந்து போட்டு ஒட்டிய பழைய காகிதம். ஒரு கை மாற்றி ஒரு கை போயிற்று. முதல் ஐந்து வரியும் என் கோணல் எழுத்து. ஆறாவது வரி மட்டும் அச்சடித்தது போல் இருந்தது. அது யார் எழுதியது என்று கேட்டார்கள். சொன்னேன். கேசரியை மறந்து கேட்டுவிட்டு, "இதை எழுதி வையுங்கண்ணே" என்றார்கள். வைக்கிறேன். ஆனால் நடுவில் யாரும் குறுக்கே பேசக்கூடாது.

அந்த ஆறாவது வரி என் ஆசை இல்லை. என் ஸ்டேஷன் மாஸ்டர் ராசநாயகம் ஐயாவின் ஆசை. இருபத்தேழு வருஷம் ரயில்களை அனுப்பிக்கொண்டே இருந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: எஞ்சினில் ஏறிப்போக வேண்டும், ஒருமுறை விசில் இழுக்க வேண்டும். அது விதிக்கு விரோதம். அவரோ விதியைச் சாமி போலக் கும்பிடுகிறவர். அவருக்கு அது கிடைக்க வேண்டுமென்று ஒருநாள் நான் என் வேலையையே பணயம் வைத்தேன். அதுதான் கதை.

நான் வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் கப்பலில் வந்தேன். வழியெல்லாம் வாந்தி. ஆறு மாதம் தண்டவாளத்தில் கல் கொட்டினேன், மூன்று வருஷம் மூட்டை தூக்கினேன், பிறகு பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. கிள்ளான் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். பேர் வேண்டாம், இன்னும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த லைன் ஒற்றைத் தண்டவாளம். எங்கள் ஸ்டேஷனுக்கும் கிள்ளான் பக்கத்து அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் உள்ள செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். அதற்கு அத்தாட்சி ஒரு பித்தளை டோக்கன். உள்ளங்கை அகலம் இருக்கும். தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டியிருக்கும். அந்த டோக்கன் டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பக்கம் போகலாம். இருப்பது ஒரே டோக்கன். அதனால் இரண்டு வண்டி முட்டிக்கொள்ள வழியே இல்லை. நிற்காமல் போகும் மெயில் வண்டி என்றால், டிரைவர் ஓட்டத்திலேயே வளையத்தை நீட்டுவார், நான் பிளாட்பாரத்தில் நின்று கையை மடக்கித் தோளில் வாங்க வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு வளையத்தைக்கூட நான் தவற விட்டதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதாகக் காணோம்.

ராசநாயகம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. எந்த வெயிலிலும் ஒரு பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். மத்தியானம் சாப்பிட்டதும் விதிப்புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பார். வண்டி தாமதமானால் ரிஜிஸ்டரில் இரண்டு பத்தி உண்டு: தாமதம் எவ்வளவு, காரணம் என்ன. இரண்டாவது பத்தியைக் காலியாக விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒருதடவை எருமை குறுக்கே படுத்து வண்டி நின்றுவிட்டது. காரணம் என்ற இடத்தில் நான் "எருமை" என்று எழுதினேன். "ஆற்றை எருமை?" என்று கேட்டு, சொந்தக்காரனைத் தேடி என்னைப் பக்கத்து மலாய்க் கிராமம் வரை நடக்கவிட்டார்.

ஒருநாள் பதினான்கு நாள் லீவு கேட்டு அவரிடம் போனேன்.

"என்னத்துக்கு லீவு?"

"சும்மாதாங்க ஐயா."

"சும்மா எண்டு ஒரு ஊர் இல்லைக் காணும். எங்கை போறீர், என்ன செய்யப் போறீர்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மனதில் கிடந்த ஆசைகளையெல்லாம் படபடவென்று கொட்டினேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, ஒரு காகிதத்தையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார். "எழுதும்" என்றார். பதினான்கு ஆசை வந்தது. எழுதி முடித்ததும் பெருமையாக நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரக்கு வண்டியைச் சோதிப்பதுபோல் முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

"இமயமலை காண வேணும். நல்லது. எத்தினை நாள் லீவு?"

"பதினாலு."

"நாகப்பட்டினம் போய்ச் சேரவே அதிலை பாதி முடிஞ்சிடும். மிச்ச நாளிலை நீர் திரும்பிக் கப்பல் ஏற வேணும்." கோடு விழுந்தது.

"புலியை நேரிலை காண வேணும். ஏன்?"

"ஜெஞ்சாரோம் பக்கம் தோட்டத்துல இருக்குதாம் ஐயா. எல்லாரும் பார்த்துட்டாங்க."

"நீர் புலியைக் கண்டால் புலியும் உம்மைக் காணும். அதுக்கும் சம்மதமோ?" இன்னொரு கோடு.

பெரிய துரையோடு கைகுலுக்குவது போயிற்று. "அந்தாளின்ரை கை, அந்தாளின்ரை விருப்பம். மற்றவையின்ரை சம்மதத்திலை நிக்கிற ஆசையை லிஸ்டிலை போடாதையும்." இப்படியே அடித்து அடித்துக் கடைசியில் ஐந்து மிஞ்சியது: சைக்கிள் ஓட்டப் பழகுவது, நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுவது, பாக்கியத்தோடு ஸ்டூடியோவில் போட்டோ எடுப்பது, பத்துமலைக்குக் காவடி எடுப்பது, சிங்கப்பூர் பார்ப்பது. பாக்கியம் என் வீட்டுக்காரி.

ஐந்தையும் புதிதாக எழுதச் சொல்லிவிட்டு, அவர் ஒரு விதியும் சொன்னார். "ஒற்றைத் தண்டவாளம் எண்டதை மறவாதையும். ஒரு ஆசை போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் மற்றதுக்கு லைன் கிளியர்."

நான் கேட்டேனா? என்னைத்தான் தெரியுமே. சைக்கிளையும் ராஜா வேஷத்தையும் ஒரே மாதத்தில் கிளப்பிவிட்டேன். கிள்ளானில் ஒரு தோட்டத்துத் திருவிழா, ராத்திரி நாடகம். அன்று காலையில் சைக்கிள் என்னைக் கொண்டுபோய் ஒரு ரப்பர் மரத்தில் மோதியது. முன்பல் இரண்டு போயிற்று. ராஜா மேடையில் நின்று "யாரங்கே!" என்று கேட்டபோது வார்த்தைக்கு முன்னால் காற்று வந்தது. சனம் உருண்டு உருண்டு சிரித்தது. மந்திரி வேஷக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் ஸ்டேஷனில் ஐயா என் வாயைப் பார்த்தார். "ஒரே செக்‌ஷனிலை ரெண்டு வண்டி" என்றார். 

போட்டோவைப் பல் கட்டிய பிறகுதான் எடுத்தோம். அதை அவரிடம் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னார். அந்த நல்ல நேரம் பார்த்துக் கேட்டேன்.

"உங்க லிஸ்ட் எங்கே ஐயா?"

"என்னட்டை லிஸ்ட் இல்லை. ஒண்டே ஒண்டுதான். அதுவும் ஏலாத காரியம்."

இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றுதான் அவர் முதல்முதலாக எஞ்சினைக் கண்டாராம். அவர் ஊருக்கு அப்போது ரயில் வரவில்லை. அதன்மேல் ஏறி ஒருமுறை விசில் இழுக்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாராம். ரயில்வேயில் சேர்ந்ததே அதற்குத்தானாம். சேர்ந்தபிறகு விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். டிரைவரும் கரி அள்ளிப் போடும் பயர்மேனும் தவிர, எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரும் எஞ்சினில் ஏறக்கூடாது என்று அதில் இருந்திருக்கிறது. அதோடு சரி.

"அனுமதி கேட்டு எழுதலாமே ஐயா?"

"காரணம் எண்ட பத்தியிலை என்னத்தை எழுதுறது? ஆசை எண்டோ?"

எனக்கு மனசு கேட்கவில்லை. டிரைவர் மாணிக்கத்திடம் போனேன். மாணிக்கத்துக்கு ஐயா என்றாலே ஆகாது. சில வருஷங்களுக்கு முன்னால் தன் மச்சானை எஞ்சினில் ஏற்றிக்கொண்டு வந்தார், ஐயா கண்ணில் பட்டுவிட்டது. ஐயா ரிப்போர்ட் எழுதினார், மாணிக்கத்தின் பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அன்றிலிருந்து எங்கள் ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் ஐயாவின் காதருகே விசிலைக் கிழித்துவிட்டுத்தான் போவார்.

"ஒருநாள் அவரை ஏத்திக்குங்கண்ணே" என்றேன்.

"பேஷா! எழுத்துமூலமா பாஸ் எடுத்துட்டு வரச் சொல்லு. என் மச்சானுக்குப் பாஸ் கேட்டவரு இல்லையா அவரு?"

இப்படியே ஐயாவின் கடைசி நாளும் வந்துவிட்டது. அந்த வாரமே இலங்கைக்குக் கப்பல். காலையிலேயே புது மாஸ்டர் வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார். மாலை ஆறு மணியோடு ஐயா போகலாம். கிள்ளான் பக்கமிருந்து காலை மெயில் வண்டி வரும் நேரம், ஐயா பிளாட்பாரத்தின் கோடியில் போய் நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வருகிற எஞ்சினையே கண் எடுக்காமல் பார்த்தார். அவரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினேன்.

அங்கேதான் தப்பு. என் கண் வளையத்தில் இல்லை. அது முழங்கையில் அடித்து, எகிறி, வேலியைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பெரிய லோங்காங்குக்குள் விழுந்தது. முதல்நாள் மழையில் அந்தக் கால்வாய் முழங்கால் அளவு சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. வளையம் மிதந்தது. பையின் வாய் திறந்திருந்தது. டோக்கனைக் காணோம்.

பதினோரு வருஷப் பேர் பாழ். அதைவிட, இருபத்தேழு வருஷம் ஒரு கறையும் படாத மனுஷனுக்குக் கடைசி நாளில் நான் பூசிவிட்டேன். "ஐயா, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் உள்ளே போய் விதிப்புத்தகத்தைத் திறந்தார். புது மாஸ்டர் பக்கத்தில் நின்றார். ஐயா சத்தமாக வாசித்தார்.

"டோக்கன் தொலைந்தால், பொறுப்பான ஓர் உத்தியோகத்தர் இடது கையில் சிவப்புப் பட்டி கட்டிக்கொண்டு, அந்தச் செக்‌ஷனில் போகும் ஒவ்வொரு வண்டியோடும் தாமே போகவேண்டும். அவர் ஏறாமல் எந்த வண்டியும் புறப்படக் கூடாது. அவர் ஏறவேண்டிய இடம்..."

நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அதே வரியை வாசித்தார். "...எஞ்சின்."

"நான் ஸ்டேஷனை விட்டு நகர முடியாது, நீங்கதான் போகணும்" என்றார் புது மாஸ்டர். ஐயா தலையாட்டினார். தந்தியில் அடுத்த ஸ்டேஷனிலும் சம்மதித்துவிட்டார்கள். சிவப்புப் பட்டிதான் இல்லை. ஸ்டேஷன் சிவப்புக் கொடியைக் கிழிக்க ஐயா விடவில்லை, அது அரசாங்கச் சொத்தாம். என் வீடு நாலெட்டில்தான். ஓடிப்போய் பாக்கியம் தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு சாண் கிழித்துக்கொண்டு வந்தேன். அவள் போட்ட சத்தம் பிளாட்பாரம் வரைக்கும் கேட்டது.

பிறகு நான் லோங்காங்கில் இறங்கினேன். புது மாஸ்டரும் இரண்டு போர்ட்டர்களும் மூங்கில் கழியால் குத்திக் குத்தித் தேடினார்கள். கால் மணி நேரம்கூட இருக்காது, என் பெருவிரலில் ஏதோ தட்டியது. வட்டமாக, கெட்டியாக, சில்லென்று. டோக்கன்தான்! அப்பாடா என்று குனிந்தேன். அந்த நேரம் பார்த்துக் கிள்ளானுக்குப் போகும் வண்டி வந்து நின்றது. எஞ்சினில் மாணிக்கம்.

ஐயா கையில் ரவிக்கைத் துணியோடு எஞ்சின் படியில் கால் வைத்தார்.

"பாஸ் இருக்கா ஐயா?" என்றார் மாணிக்கம்.

ஐயா விதிப்புத்தகத்தை விரித்து நீட்டினார். மாணிக்கம் அவசரமே இல்லாமல், எழுத்துக் கூட்டி, முழுப்பக்கமும் வாசித்தார். ஜன்னலெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. கடைசியில் மாணிக்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏறுங்க லா" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மேலே நின்ற ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவருக்கு நான் அதுவரை பார்த்ததில்லை. குனிந்த நான் நிமிர்ந்துவிட்டேன். காலை மட்டும் நன்றாக அழுத்திக்கொண்டேன்.

பயமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது. டோக்கனை மறைத்தவனுக்கு ரயில்வேயில் மன்னிப்புக் கிடையாது. வேலை போகும், வீடு போகும், நாலு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். ஆனால் வண்டிக்கு ஆபத்தில்லை, ஐயாதான் அன்றைக்கு டோக்கன். ஒரு தடவை போய்வரட்டும், எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு லெவல் கிராசிங். அங்கே விசில் அடித்தே ஆக வேண்டும் என்று பலகை உண்டு. அங்கிருந்து ஒரு விசில் கேட்டது. குட்டி விசில், மாணிக்கம் அடிப்பது போல் இல்லை. கூச்சப்பட்டுக்கொண்டு வந்தது.

எதிர்வண்டியில் அவர் திரும்பி வந்தபோது கன்னத்தில் கரி. அதற்கடுத்த வண்டி புறப்பட்டபோது லெவல் கிராசிங் விசில் கொஞ்சம் நீண்டது. நான் எப்படிக் காலை எடுப்பேன்? அட்டைகள் வந்து கணுக்காலில் உட்கார்ந்து பசியாறின. சொறியவும் முடியவில்லை. போர்ட்டர் ஒருவன் கழியோடு என் பக்கம் வந்தான். "இங்க நல்லா பார்த்தாச்சு, அந்தப் பக்கம் போ" என்று எரிந்து விழுந்தேன்.

மத்தியானம் பாக்கியம் சோற்றுத் தூக்கோடு வந்தாள். ரவிக்கைக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"மேல வந்து சாப்பிடுங்க."

"பசியில்லை."

"உங்களுக்கா? பசியில்லையா?" கரையில் குந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் வலது காலைப் பார்த்தாள். குரல் தாழ்ந்துவிட்டது. "அடப்பாவி மனுஷா. அதை மிதிச்சுக்கிட்டா நிக்கிறீங்க?"

"கத்தாதே. அங்கே பாரு." மூன்றாவது முறையாக ஐயா எஞ்சினில் ஏறிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு சாம்பல் கோட்டு ஆகியிருந்தது. மேல் பொத்தான் இரண்டு திறந்திருந்தது. மாணிக்கம் ஏதோ சொல்ல, ஐயா வாய்விட்டுச் சிரித்தார்.

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். "வேலை போச்சுன்னா, புள்ளைங்களோட இந்த லோங்காங்குலதான் குடியிருக்கணும், சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே தூக்கைத் திறந்து, கருவாட்டுக் குழம்புச் சோற்றை உருட்டி, எட்டி எட்டி என் வாயில் ஊட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்கு ஊட்டிவிட்டது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு ஐயா திரும்பி வந்து இறங்கினார். தேடியவர்கள் சலித்துப்போய்த் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். ஐயா நேராக லோங்காங் ஓரம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளை.

"முத்தையா."

"ஐயா. இன்னும் கிடைக்கலைங்க ஐயா. தேடிக்கிட்டேதான்..."

"நாலரைக்குக் கிள்ளான் வண்டி ஒண்டு இருக்குது. அது போய், நான் திரும்பி வந்தாப் பிறகு காலை எடும்."

குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"எஞ்சின் நல்ல உயரம் கண்டீரோ. அங்கையிருந்து பார்த்தால் எல்லாம் வடிவாத் தெரியும். மற்றவை எல்லாரும் தேடிச்சினம். நீர் மட்டும் நிண்டீர். ரெண்டாந்தரம் போகேக்கையே கண்டனான்."

"அப்புறம் ஏன் ஐயா ஒண்ணும் கேட்கலை?"

அவர் கையில் கட்டியிருந்த ரவிக்கைத் துணியை இழுத்து முடிச்சை இறுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கடைசி வண்டியின் விசில் லெவல் கிராசிங்கில் தொடங்கி, கிள்ளான் வளைவு வரைக்கும் ஓயவே இல்லை. மாணிக்கம்கூட ஒருநாளும் அப்படி அடித்ததில்லை.

அவர் வந்து சேர்ந்ததும் காலை எடுத்தேன். மரத்துப் போயிருந்ததால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. ரிப்போர்ட்டை ஐயாவே எழுதினார். பொய் எழுதுகிற கை இல்லை அது, எனக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். வாசித்துக் காட்டினார்: "தொலைந்த டோக்கன் மாலை ஐந்து நாற்பதுக்கு, பாயிண்ட்ஸ்மேன் முத்தையாவின் காலடியில் கண்டெடுக்கப்பட்டது." அத்தனையும் உண்மை. எவ்வளவு நேரம் காலடியில் இருந்தது என்று மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த ரிப்போர்ட் படிவத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

ஆறு மணிக்குப் புறப்படும்போது என் லிஸ்டைக் கேட்டார். அதுவரை மூன்றுதான் தேறியிருந்தது. காவடி பிறகு எடுத்தேன். சிங்கப்பூருக்கு வருகிற திங்கட்கிழமை போகிறோம், பாக்கியத்துக்குப் புது சிவப்பு ரவிக்கை தைத்தாகிவிட்டது. அன்று ஐயா காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஐந்தாவது வரிக்குக் கீழே ரிஜிஸ்டரில் எழுதுவது போலவே எழுதினார். எழுதிவிட்டு, கடைசிப் பத்திக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதையும் நிரப்பி, காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு நடந்தார். விருந்தில் கைமாறிக் கைமாறி எல்லோரும் வாசித்தது அதைத்தான்:

"6. எஞ்சின். வந்து சேர்ந்தது. தாமதம்: இருபத்தேழு வருஷம். காரணம்: ஸ்டேஷன் மாஸ்டர்."